டிரெய்லர் ஜெனரேட்டர்: லிட்டருக்கு இரண்டு யூனிட் வந்துவிட்டது

நானே எலக்ட்ரிக்காக மாற்றிய என் காரின் பேட்டரியில் 16 யூனிட் கிடைக்கும். 70 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டர் சொச்சம் ஓடும். தினசரி ஓட்டத்துக்கு அது தாராளம். தூரப் பயணத்துக்கு மட்டும் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு டிரெய்லர் செய்துவருகிறேன். அதில் 350 சிசி பைக் எஞ்சின் ஒன்று, அது சுழற்றும் காந்த மோட்டார் ஒன்று, அதிலிருந்து வரும் கரன்ட்டை 144 வோல்ட் பேட்டரிக்கு அனுப்பும் கண்ட்ரோலர் ஒன்று. மொத்தம் 140 கிலோ.

இது புது யோசனை இல்லை. ஏசி ப்ரொபல்ஷன் என்ற அமெரிக்க எலக்ட்ரிக் கார் நிறுவனத்தின் ஆலன் கொக்கோனி 1990களிலேயே 500 சிசி கவாசாகி பைக் எஞ்சினை வைத்து 20 கிலோவாட் தரும் டிரெய்லரைச் செய்துவிட்டார். ரிவர்ஸ் எடுக்கும்போது தானே திரும்பிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. என்னுடையதில் அது கிடையாது. ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால் கழற்றிக் கையால்தான் தள்ளுகிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை யூனிட் தேறும்? பெட்ரோலில் இருப்பது சுமார் 9 யூனிட். பெட்ரோல் கேனைச் சமையலறைத் தராசில் வைத்து, அதிலிருந்தே எஞ்சினுக்குக் குழாய் கொடுத்து, வண்டியை நிறுத்தி வைத்தபடி அரை மணி நேரம் ஓட்டினேன். எஞ்சினுக்குச் சிரமம் வேண்டாமே என்று முதலில் 2 கிலோவாட் மட்டும் எடுத்தேன். 620 கிராம் பெட்ரோல் போனது, கிடைத்தது ஒரே ஒரு யூனிட். லிட்டருக்கு 1.2தான். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் முனையெல்லாம் கரி.

தப்பு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. சுமை குறைந்தாலும் பிஸ்டனின் உராய்வு குறைவதில்லை. பாதி மூடிய த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மூடி) வழியே காற்றை இழுக்கவும் எஞ்சின் சக்தியைச் செலவழிக்கிறது. சும்மா சுற்றுவதற்கே பாதி எரிபொருள் போய்விடும். அதனால் 3600 ஆர்பிஎம்மில் நிறுத்தி, த்ராட்டிலை முக்கால்வாசி திறந்து, கண்ட்ரோலரில் 56 ஆம்பியர் என்று பிடித்து வைத்தேன். 8 கிலோவாட். அதே அரை மணி நேரத்தில் 1450 கிராம் பெட்ரோலுக்கு 4 யூனிட், அதாவது லிட்டருக்கு 2.04. ப்ளக் முனை இப்போது தவிட்டு நிறம், அதாவது பெட்ரோல் சரியாக எரிகிறது. அதைப் பார்த்ததும் வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

சரி, அடுத்தது ரோடு. டிரெய்லர் இல்லாமல் கிலோமீட்டருக்கு 150 வாட் அவர் (1000 வாட் அவர் ஒரு யூனிட்). மாட்டியதும் 181! எடைதான் காரணம் என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் 140 கிலோவின் உருளல் தடைக்கு 5 வாட் அவர்தான் வருகிறது. மீதி முழுக்கக் காற்று. எஞ்சின் பெட்டி காரின் கூரையைத் தாண்டி நின்றது. அதைத் தாழ்த்தி, முன்பக்க விளிம்புகளை வளைத்து, காருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியையும் குறைத்தேன். அதே சாலையில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தால் 172.

ஆக, பெட்ரோல் தரும் பங்குக்கு மைலேஜ் லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான். இதே அளவுள்ள பெட்ரோல் கார் இதைவிட நன்றாகத் தரும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் 70 கிலோமீட்டர் வேக ஓட்டத்துக்கு 12 கிலோவாட் தேவைப்படும்போது 8 டிரெய்லரிலிருந்து வருகிறது, 4 மட்டும் பேட்டரியிலிருந்து. நூறு கிலோமீட்டர் சொச்சம் ஓடிய வண்டி 280 வரை போகும். மற்ற நாளெல்லாம் அந்த 140 கிலோவும் ஷெட்டில் நிற்கும். எஞ்சினைக் காருக்குள்ளேயே பொருத்தியிருந்தால் கடைக்குப் போகும்போதும் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.

சக்கரத்தை எஞ்சினே நேரடியாகச் சுழற்றிக் காரைத் தள்ளும் வகை டிரெய்லரும் உண்டு. மின்சாரமாக மாற்றும்போது வரும் இழப்பு அதில் இல்லை. ஆனாலும் வளைவில் காரின் பின்பக்கத்தைத் தள்ளிவிடுமோ என்ற பயத்தில் அந்தப் பக்கம் போகவில்லை.

போன ஓட்டத்தில் அதிர்வு தாங்காமல் சைலன்சர் போல்ட் ஒன்று கழன்று விழுந்தது. லாக் நட்டு போட்டாயிற்று. டிரெய்லர் கழன்றால் மின் இணைப்பும் உடனே துண்டிக்கப்பட வேண்டும். அந்த ஸ்விட்ச் வேலை பாதியில் நிற்கிறது. அதை முடிக்காமல் நெடுஞ்சாலையில் ஏற்றப் போவதில்லை.