புழு சொன்ன தேதி

சாப்பிடும்போது இதைப் படிக்காதீர்கள். 1935 செப்டம்பர் 29, ஸ்காட்லாந்தில் மொஃபட் ஊருக்குப் பக்கத்து ஓடைப் பள்ளத்தில் பொட்டலம் பொட்டலமாக இரண்டு பெண்களின் உடல் துண்டுகள். வெட்டிப் போட்டது இங்கிலாந்தின் லங்காஸ்டர் ஊர் டாக்டர் பக் ரக்ஸ்டன், பிறந்தது நம்ம பம்பாயில்தான். அடையாளம் தெரியக்கூடாதென்று கண், மூக்கு, விரல் நுனிவரை யோசித்து அறுத்த மனுஷன் ஈயை மறந்துவிட்டார்! கிளாஸ்கோவில் அலெக்சாண்டர் மியர்ன்ஸ் என்ற ஆய்வாளர், அந்த உடல் துண்டுகளில் இருந்த நீல ஈப் புழுக்களின் (பிணத்தில் முட்டையிடும் ஈ இது) வளர்ச்சியைப் பார்த்து, முட்டையிட்டு 12 முதல் 14 நாள் ஆகியிருக்கும் என்று சொல்ல, அது ரக்ஸ்டனின் மனைவியும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணும் காணாமல்போன நாளோடு ஒத்துப்போனது. வெயில் கூடினால் புழு சீக்கிரம் வளரும், அதனால் வெப்பநிலையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். அப்புறம் என்ன, 1936 மே மாதம் தூக்கு.