நமுத்த பொரி

டிசம்பர் 2, 2024, திங்கள்

மழை விட்டிருக்கிறது, கரண்ட் வரவில்லை. நேற்று சாயங்காலம் இங்கே திருவண்ணாமலையில், மலையில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடிவிட்டது. உள்ளே எத்தனை பேர் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். சரிந்த பக்கம் தெரியாது. தெரியாததும் நல்லதுதான்.

சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்திருக்கிறார்களாம். விக்கிரவாண்டிப் பக்கம் ரயில் பாலத்தில் தண்ணீர், ரயில்கள் ரத்து. அக்கா மதுரையிலேயே இருக்கிறாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அலாரம் போனில். போனில் சார்ஜ் 11 சதவீதம்.

டிசம்பர் 4, புதன்

ஏழு பேர். அதில் ஐந்து குழந்தைகள்.

கோயிலில் இன்று தீபத் திருவிழாக் கொடியேற்றம். இரண்டு செய்தியும் ஒரே டிவியில் ஓடுகிறது. அணைத்துவிட்டேன்.

சித்தி போன் செய்தாள். எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "இந்த வருஷம் பொரி உருண்டை யாருடா பிடிக்கிறது?" என்றாள். நான்தான் சித்தி என்று வாய் சொல்லிவிட்டது. நாற்பத்து மூன்று கார்த்திகைக்குத் தின்றிருக்கிறேன். அடுப்புப் பக்கம் போனதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "ஆமா" என்றாள்.

அக்டோபரிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான். காபி வேணுமா? ஆமா. வலிக்குதா? ஆமா. நான் யாரும்மா? ஆமா.

டிசம்பர் 6, வெள்ளி

மளிகைக்கடையில் பாகு வெல்லம் இல்லை. "புதுசு பொங்கலுக்குத்தான் வரும் சார்" என்று உருண்டை வெல்லம் கொடுத்தார். பளிச்சென்று மஞ்சளாக இருந்ததை எடுக்கப் போனேன். அது வேண்டாம், கறுப்பை எடுங்கள் என்றார். அரைக் கிலோ. அவல் பொரி இரண்டு படி. பொட்டுக்கடலை, ஏலக்காய், சுக்கு, ஒரு மூடித் தேங்காய்.

தேங்காயைப் பல்லு பல்லாகக் கீற அரை மணி நேரம் ஆனது. அம்மா பேசிக்கொண்டே கீறுவாள், கத்தியைப் பார்க்கவே மாட்டாள்.

டிசம்பர் 7, சனி

தோல்வி.

வெல்லத்தைத் தட்டி, மூழ்குமளவு தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டினேன். அடியில் மணலும் ஒரு நார்த்துண்டும் நின்றன. அதுவரை சரி. அப்புறம் கொதிக்க வைத்துக் கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன், கரைந்தது. மறுபடி விட்டேன், கரையாமல் அடியில் தங்கியது. விரலால் கூட்டினேன், உருண்டு வந்தது. ஆஹா என்று பொரியைக் கொட்டிவிட்டேன். உருண்டை பிடித்தது, நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் தட்டில் படுத்து எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. பொங்கலா, பொரியா என்று சொல்ல முடியாத ஒன்று.

சித்திக்குப் போட்டோ அனுப்பினேன். "சத்தம் கேட்டியா?" என்று பதில் வந்தது. என்ன சத்தம்?

டிசம்பர் 8, ஞாயிறு

என்ன சத்தம் என்று இன்றைக்குத்தான் சொன்னாள். தண்ணீரில் உருட்டிய பாகை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டுமாம். நேற்று போட்டிருந்தால் 'சொத்' என்றிருக்கும். தண்ணீர் இன்னும் போகவில்லை, அதுதான் விஷயம். 120 டிகிரிக்கு மேல் போக வேண்டும் என்று எங்கோ படித்தேன். வீட்டில் இருக்கிற தெர்மாமீட்டர் அம்மாவுக்கு வைப்பது, 42 வரைதான்.

இன்று மறுபடி பாகு காய்ச்சினேன், டங் கேட்டது. அம்மாவின் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தட்டில் போட்டுக் காட்டி, "சரியாம்மா?" என்றேன்.

"ஆமா."

ஒரு நிம்மதிக்காக இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டேன். அதுதான் தப்பு. ஓரத்தில் கருகல் வாசனை வந்துவிட்டது. கொட்டிக் கிளறுவதற்குள் இறுகிவிட்டது, மூன்றே உருண்டை பிடிக்க முடிந்தது, உள்ளங்கையில் கொப்புளம். அந்த மூன்றும் கல். அம்மிக் குழவியால் ஒன்றை உடைத்தேன், துண்டு பறந்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

நேற்றும் கேட்டிருந்தால் ஆமா என்றுதான் சொல்லியிருப்பாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

தேரோட்டம். தெருவில் ஆள் நடமாட்டம் இரவு வரை அடங்கவில்லை. பிசியோக்காரர் கூட்டத்தில் மாட்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார்.

வலது கையில் பிடித்துப் பழக ஒரு பந்து வாங்கி வையுங்கள் என்றார். கடைக்கு யார் போவது? கல் உருண்டை ஒன்றை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டார். அம்மா சிரித்தாளா என்று தெரியவில்லை, இடது பக்க உதடு அசைந்தது. நான் விரலை மடக்கிவிட்டேன். சுண்டுவிரல் மட்டும் தானாக நின்றது, இரண்டு நொடி. பிறகு உருண்டை மெத்தையில் விழுந்தது.

டிசம்பர் 11, புதன்

மெத்தையில் எறும்பு. கவரில் எங்கோ ஓட்டை. விரிப்பை மாற்ற அம்மாவைப் புரட்ட வேண்டும், தனியாக முடியாது, பக்கத்து வீட்டு அக்கா வந்தார். என் மூளையை என்னவென்று சொல்வது.

டிசம்பர் 12, வியாழன்

மறுபடி மழை. பள்ளிகளுக்கு லீவு. டப்பாவில் இருந்த பொரி நமுத்துவிட்டது, மென்றால் துணி மாதிரி. வெறும் வாணலியில் சின்னத் தீயில் பிரட்டினேன், மொறுமொறுப்பு திரும்பியது. ஆறியதும் உடனே மூடி வைத்தேன். காற்றே ஈரமாக இருக்கிற ஊரில் நான் எதை மூடி என்ன.

ஒன்றை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அம்மா வெறும் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, புரையேறி நெஞ்சுக்குப் போய்விடும். பவுடர் கலந்து கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் ஸ்பூனில் கொடுக்கிறேன். ஒரு கிளாஸுக்கு இத்தனை ஸ்பூன், கலக்கி இத்தனை நிமிடம் நிற்க வேண்டும், கட்டி தட்டினால் கொட்டிவிட வேண்டும். அதில் எனக்குத் தப்பு வருவதில்லை. இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு எட்டு முறை. வெல்லத் தண்ணீரைத்தான் கெட்டியாக்கத் தெரியவில்லை.

அவள் தின்ன முடியாத ஒன்றுக்கு எதற்கு இத்தனை பாடு என்று அக்கா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. இருந்தாலும் போனை வைத்துவிட்டேன். என் லீவு 15ஆம் தேதியோடு முடிகிறது. அதற்கப்புறம் யார் என்பதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பொரி உருண்டை பற்றியே ஐந்து நிமிடம் பேசினோம்.

டிசம்பர் 13, வெள்ளி

விடியற்காலை நான்கு மணிக்கு பரணி தீபம். அலாரத்துக்கு எழுந்து அம்மாவைத் திருப்பிவிட்டு, தூக்கம் போனதால் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

இந்த முறை அடுப்பை விட்டு நகரவில்லை. முதலில் நுரை அகலமாக, அவசரமாகப் பொங்கியது. கொஞ்ச நேரத்தில் குமிழி சின்னதாகி, கனத்து, மெதுவாக உடைய ஆரம்பித்தது. கரண்டியில் எடுத்து விட்டால் ஒழுகுவதே சோம்பேறித்தனமாக இருந்தது. தண்ணீரில் ஒரு சொட்டு. உருட்டித் தட்டில் போட்டேன்.

டங்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். உடனே அணைத்துவிட்டேன்.

சுக்கு, ஏலக்காய், தேங்காய், பொட்டுக்கடலை, பொரி. கை முழுக்க அரிசி மாவு தொட்டுக்கொண்டு பிடித்தேன். இருபத்திரண்டு வந்தது. ஒன்றுகூட முழு வட்டமில்லை, எல்லாவற்றிலும் என் கட்டைவிரல் பள்ளம் இருக்கிறது. கொப்புளம் உடைந்தது.

சாயங்காலம் மலை ஏற பக்தர்கள் யாரையும் விடவில்லை, மண் இன்னும் உறுதியாகவில்லையாம். ஆறு மணிக்குத் தெருவே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கத்தியது. வாசலில் அகல் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். ஒரு உருண்டையை அம்மா மூக்கருகே பிடித்தேன். நேரம் எடுத்து முகர்ந்தாள்.

"நல்லா இருக்காம்மா?"

பதில் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவை ஆமா சொல்லவில்லை. நாக்கை நீட்டினாள். கொடுக்கக் கூடாது. கொடுக்கவில்லை.

டிசம்பர் 14, சனி

பத்தொன்பது மீதி. அக்கா திருக்கோவிலூர் தாண்டிவிட்டாளாம். டப்பா மூடி சரியாக உட்காரவில்லை, ரப்பர் பேண்ட் தேடிக்கொண்டிருக்கிறேன்