சர்வர் வேலையில் கைகொடுக்கும் கருவிகள்

சர்வர் நிர்வாகத்தில் நான் அதிகம் நம்பியிருப்பது, கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க்கைத்தான் (rsync). 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் உருவாக்கிய இம்மென்பொருள், கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, மறுமுனையில் இருக்கும் பழைய படியோடு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) மூலம் ஒப்பிட்டு, மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புவதால், வேகம் குறைந்த இணைப்பிலும் பெரிய பேக்கப் விரைவில் முடிந்துவிடுகிறது. மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் சாய்கோடு இட்டால் அதன் உள்ளடக்கம் மட்டும் செல்லும். இடாவிட்டால் ஃபோல்டரே செல்லும். அந்தக் கோட்டை மறந்து, மூலத்தில் இல்லாதவற்றை மறுமுனையில் அழிக்கும் டெலீட் ஆப்ஷனையும் சேர்த்து இயக்கி, ஓர் இரவு முழுவதும் கோப்புகளை மீட்டுக்கொண்டிருந்தவன் என்பதால், டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) பார்க்காமல் இப்போது எதையும் ஓட்டுவதில்லை.

இதே டிரிட்ஜெல் நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் பிட்கீப்பர் என்ற மென்பொருளின் செயல்முறையை ஆராய்ந்ததால் எழுந்த தகராறில், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை எழுதும் குழுவினருக்கு அதைப் பயன்படுத்த இருந்த இலவச உரிமம் 2005இல் விலக்கப்பட, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாகக் கிட் (Git) எழுதத் தொடங்கினார் என்பது சுவையான தொடர்பு. நிரல் எழுதுவோருக்கு மட்டுமே உரியது கிட் என்று பல நிர்வாகிகள் ஒதுக்கிவிடுகிறார்கள், அது தவறு. ஈடிசிகீப்பர் (etckeeper) என்ற கருவியை நிறுவினால், சர்வரின் கான்ஃபிக் கோப்புகளில் நிகழும் மாற்றங்கள், புதிய பேக்கேஜ் நிறுவும்போதெல்லாம் தாமாகவே கிட்டில் பதிவாகும். கோப்பு அனுமதிகளும் அதில் அடங்கும்.

சர்வரில் கட்டளைத் திரையைத் தொடர்ந்து இயங்க வைக்கும் டிமக்ஸைப் (tmux) பற்றி ஒரு சொல்: சர்வருடனான இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது என்பதோடு, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் இருவர் ஒரே செஷனில் சேர்ந்து, ஒரே திரையைப் பார்த்தபடி பழுது நீக்கலாம்.