குடிக்கிற ஊருணியில் கோரை

காரைக்குடியில் ஓர் ஊருணியைச் சீரமைக்க நாங்கள் போட்ட வரைபடத்தில் வடகரையில் கோரை வளர்க்க இடம் விட்டிருந்தோம். "குடிக்கிற தண்ணியில கோரையை வளக்கப் போறீகளா தம்பி?" என்று ஆச்சி கேட்டார். "இப்ப யாரும் இதைக் குடிக்கிறதில்லையே ஆச்சி" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர்தான். "இனிமே குடிக்கவே மாட்டோம்னு யாரு சொன்னா?" என்றார். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

நாலு பக்கமும் கான்கிரீட் சுவர், சுற்றி நடைபாதை, விளக்கு என்று எல்லா ஊரிலும் போடுகிற திட்டத்தை எதிர்த்துத்தான் வடகரையைச் சரிவான மண்கரையாக வரைந்தோம். தவளை ஏற, தும்பி முட்டையிட, நீர்க்கோழி கூடு கட்ட ஒரு விளிம்பு வேண்டும். நகரங்களின் பல்லுயிர் வளத்தை மதிப்பிட 2008-இல் முன்மொழியப்பட்ட சிங்கப்பூர் குறியீடு முதலில் கேட்பதே ஊரில் இயற்கைப் பரப்பு எவ்வளவு என்றுதான். காரைக்குடி வளர்கிற வேகத்தில் அதை வேறு எங்கே தேடுவது?

ஆச்சி வாதாடவில்லை. "செருப்பைக் கழட்டிட்டு எறங்குங்க" என்றார், அவ்வளவுதான். செம்புறாங்கல் படிகளில் ஒவ்வொரு கோடையும் தண்ணீர் இறங்கிய மட்டம் கோடு கோடாகத் தெரிந்தது. குடிக்கிற ஊருணியில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. அதற்கெல்லாம் குளமும் கண்மாயும். "கொக்கு, நாரைக்குக் கண்மா இருக்குல்ல" என்றார்.

பறவை மேல் அக்கறை இல்லாத பேச்சு என்று இதைத் தள்ள முடியாது. இதே சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எந்தத் தண்ணீர் யாருக்கு என்று பிரித்து வைத்த ஊர்கள் இவை.

ஆனால் அந்தப் பிரிவினை இன்று எங்கே நிற்கிறது? மழைத் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் பாதி மனையாகிவிட்டது, கண்மாயில் சீமைக்கருவேலம். ஊருணிக் கரையையும் விட்டுக்கொடுத்தால் தவளை எங்கே போகும்? இப்படி நினைக்கும்போது என் பக்கமே சரி என்று படும். அடுத்த நிமிடம், ஊருணியைக் குடிதண்ணீர்க் கணக்கிலிருந்து முதலில் அடித்தது எங்கள் வரைபடம்தானோ என்றும் படும்.

கடைசியில் கோரையை வரத்துக்காலுக்கு மாற்றினோம். தண்ணீர் ஊருணிக்குள் நுழையுமுன் வண்டல் படிய ஒரு குழி, அதன் ஓரமெல்லாம் கோரை. கரை பழைய செம்புறாங்கல்லாகவே இருக்கும், சுவர் கிடையாது. அலுவலகத்தில் எல்லாருக்கும் திருப்தி. எனக்குத்தான் அந்த ஒடுங்கிய வரத்துக்காலில் நீர்க்கோழி எங்கே கூடு கட்டும் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐப்பசி மழை முடிந்துதான் வேலை தொடங்கும். அதற்குள் வடகரையில் ஒரு மூலையை மட்டுமாவது ஆச்சியிடம் மறுபடி கேட்டுப் பார்க்கலாமா என்று இருக்கிறது.