ஒற்றியூர் ஈசன் பிடித்த கை

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித் திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் கவசம் களைந்து காட்சி தரும் 3 நாட்களில் ஒரு நாள், தங்கையை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதாக அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். வடிவுடையம்மனுக்குக் கண்ணாடி வளையல் சாற்றுவதும் அந்த வேண்டுதலில் சேர்த்தி. பயிற்சியின்போது தங்கையின் வலது கையில் சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு முறிந்து, இனி அவள் குத்துச்சண்டை மேடையில் ஏறுவாளா என்பதே கேள்வியாக இருந்த நாட்களில், மஞ்சள் துணியில் காசு முடிந்து அம்மா வைத்த வேண்டுதல் அது. இந்தக் கார்த்திகையில் அந்தக் கடனைத் தீர்த்துவிட்டோம்.

எண்ணூர் கடற்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரி மோதி அப்பா இறந்த பிறகு, காசிமேட்டில் விடிவதற்கு முன் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்றுத்தான் அம்மா எங்கள் இருவரையும் வளர்த்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டு மேரி கோம் வெண்கலம் வென்றதைத் தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஓடிவந்த சிறுமி, "நானும் பாக்ஸிங் கத்துக்கறேன்" என்று அன்றிரவு முழுவதும் அம்மாவை விடவில்லை. குத்துச்சண்டைக்குப் பேர்போன பகுதிதான் எங்கள் வடசென்னை. ஆனால் அது ஆண்பிள்ளைகளுக்கு என்றே பழகியிருந்த உறவினர்கள், மூக்கு உடைந்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அம்மா அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. வஞ்சிரத்தையும் வவ்வாலையும் விற்றுக் கையுறை வாங்கினார். கானாங்கெளுத்தியை மட்டும் விற்காமல் மகளுக்கென்று ஒதுக்கிவைத்தார். எடை பார்க்கும் நாளுக்கு முன் 54 கிலோவுக்குள் வர வேண்டும் என்று தங்கை தண்ணீரைக்கூடத் தொடாமல் கிடக்கும் இரவுகளில், அம்மாவும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

கை முறிந்தபோது ஸ்டான்லி மருத்துவமனையில் கம்பி வைத்துக் கட்டினார்கள். கட்டுப் பிரித்த பிறகும் அவளால் முஷ்டியை முழுவதுமாக மடக்க முடியவில்லை. இரவில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று எண்ணி, ஒரு ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பார்த்து அவள் அழுததை நான் கேட்டிருக்கிறேன். அந்த நாட்களில் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது கலிய நாயனாரின் கதையைத்தான். இதே ஒற்றியூரில் செக்காட்டிப் பிழைத்த குடியில் பிறந்தவர். திருவிளக்குக்கு எண்ணெய் வாங்க வழியற்றுப்போய்த் தம் கழுத்தை அரிந்து குருதியால் அகலை நிரப்பத் துணிந்தபோது, ஈசனே அவர் கையைப் பிடித்துத் தடுத்தான். "அவரு கைய பிடிச்சவன் உன் கைய வுட்டுடுவானா பாப்பா" என்பார் அம்மா.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறித் தேரடியில் இறங்கினோம். 2021இல் விம்கோ நகர் வரை ரயில் நீண்டது எங்கள் பகுதிக்குக் கிடைத்த பெரிய வசதி. முழங்கால் தேய்ந்த அம்மாவைப் பேருந்து நெரிசலில் ஏற்றியிருக்கவே முடியாது. நெரிசலெல்லாம் கோயில் வாசலில் காத்திருந்தது. வரிசை வீதியைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருக்க, அதில் நின்ற முதியவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் பார்த்த பிறகும் இடித்துக்கொண்டு நடுவில் நுழைந்தவர்களை என்னவென்று சொல்வது? பணம் கொடுத்தால் பக்கவழியில் உடனே உள்ளே கூட்டிப்போவதாக ஒருவர் எங்களை விடாமல் தொடர்ந்து வந்தார். ஆண்டுக்கொரு முறை திறக்கும் காட்சியை விலைபேச எப்படி மனம் வருகிறதோ! அம்மா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. தங்கைதான், காலை மாற்றி மாற்றி நின்ற அம்மாவின் பின்னால் சுவர் போல நின்று, தள்ளுகிறவர்களின் பாரத்தை முதுகில் வாங்கிக்கொண்டே வந்தாள். மேடையில் எதிராளியை மூலையில் மடக்கும் அதே தோள்கள், இங்கே ஒரு மூதாட்டி விழாமல் இருப்பதற்காக அசையாமல் நின்றன.

சன்னதிக்குள் நுழைந்ததும் புனுகும் சாம்பிராணித் தைலமும் கலந்த மணம் எங்களை நனைத்துவிட்டது. ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் மறைந்திருக்கும் புற்றுவடிவம் தீபஒளியில் தைலம் மினுங்கக் கண்முன் இருந்தது. நகரச்சொல்லும் குரல்கள் காதில் விழுந்தாலும், நான் கண்டது கொஞ்ச நேரமே என்றாலும், அது போதும், பிறவிக்கும் போதும். அம்மா எதையும் வேண்டவில்லை. தங்கையின் வலது கையைப் பிடித்து உயர்த்தி, "இந்தக் கைதான் சாமி" என்று மட்டும் சொன்னார்.

மாநில இறுதிப்போட்டியில் மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்றும் முடிந்து, நடுவர் இரு வீராங்கனைகளின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நின்றபோது, முறிந்து சேர்ந்த அந்தக் கையைத்தான் மேலே தூக்கினார். அடுத்து தேசியப் போட்டியில் வெண்கலம் வந்தது; 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கான ஆணையும் வந்தது. ஆணையை வாங்கிய அன்று மாலையும் அவள் பயிற்சிக்குப் போனாள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. அவளைப் போல உழைத்தவளை நான் பார்த்ததில்லை.

அம்மன் சன்னதியில் வளையல் சாற்றி முடித்ததும், குருக்கள் குங்குமத்தோடு இரண்டு சிவப்பு வளையல்களைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அம்மா அங்கேயே தங்கையின் கையை நீட்டச்சொல்லிப் போட்டுவிடப் பார்த்தார். பல ஆண்டுகளாக மூட்டையைக் குத்தித் தடித்துப்போன கணுக்களைத் தாண்டி வளையல் இறங்க மறுத்தது. புறங்கையில் அறுவைத் தழும்பு வெளுத்துக் கோடாகத் தெரிந்தது. உடைந்துவிடுமோ என்று அம்மா தயங்கிய நேரத்தில், அருகே விளக்கேற்றிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர், "கையக் குவிச்சுக்கோம்மா" என்று சொல்லியபடி தம் கிண்ணத்து எண்ணெயைத் தொட்டுக் கணுக்களின் மேல் தடவினார். வளையல் வழுக்கிக்கொண்டு மணிக்கட்டில் போய் நின்றது. யார் பெற்ற தாயோ அவர். கலியனார் விளக்கேற்றிய கோயிலில் எண்ணெய் தந்து என் தங்கைக்கு வளையல் பூட்டிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார். அம்மா அவர் போன திசையை நோக்கிக் கைகூப்பினார்.

ஏழுகிணற்றிலிருந்து நடந்தே வந்து இந்த அம்மையை வழிபட்ட வள்ளலார், நேரங்கழித்துப் பசியோடு திண்ணையில் படுத்திருந்த இரவில், அவள் அண்ணி வடிவில் வந்து அமுதிட்டாள் என்பார்கள். பயிற்சி முடிந்து தங்கை தாமதமாக வீடு திரும்பிய இரவுகளிலெல்லாம் சோறு போட்டவள் நான்தான். ஆனாலும் அந்தச் சன்னதியில் நின்றபோது, போட்டது நானென்று சொல்ல நா எழவில்லை. எடைக்காக அவளே சாப்பிடாமல் கிடந்த இரவுகளைத் தவிர, பானையில் அரிசி இல்லாத மாதங்களிலும் அவள் ஒருநாள்கூடப் பட்டினியாகத் தூங்கியதில்லை. அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும், தாயே.

திரும்பும் வழியில் அம்மா அடுத்ததையும் நேர்ந்துகொண்டுவிட்டார். தங்கை நாட்டுக்காகக் களமிறங்கும் நாள் வந்தால், பௌர்ணமி வெள்ளியன்று மேலூர்த் திருவுடையம்மனையும் ஒற்றியூர் வடிவுடையம்மனையும் திருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிப்பதாக வேண்டுதல். முழங்கால் வலியோடு அத்தனை தூரம் எப்படியம்மா என்று நான் கேட்டதற்கு, தங்கை முந்திக்கொண்டு, "தூக்கிட்டாவது போறேன், நீ சும்மா இருக்கா" என்றாள்.