அம்மாவின் இதய மருந்துகள்: வர்த்தகப் பெயரிலிருந்து பொதுப்பெயருக்கு மாறிய அனுபவம்

சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் என் அம்மாவின் இதயத்திலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. பின்னர் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிக்கும் ஏட்ரியல் பிப்ரிலேஷனும் சேர்ந்துகொண்டது. துடிப்பின் வேகத்தைக் குறைக்க பிசோப்ரோலோலும், இரத்தம் கட்டிப் பக்கவாதம் வராதிருக்க வார்பரினும் அவர் தொடர்ந்து எடுக்க வேண்டியவை. இலங்கை மலையகத்து ஹட்டனில் தனியார் வைத்தியரிடம் காட்டிய காலத்தில் பிசோப்ரோலோலை மெர்க் நிறுவனத்தின் கொன்கோர் என்ற பெயரிலேயே வாங்கிவந்தோம். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் அதன் விலை எங்கள் கைக்கு எட்டாமற் போகவே, அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் தரும் பொதுப்பெயர் மருந்துக்கு, அதாவது அதே மருந்துப்பொருளை வேறு நிறுவனங்கள் வர்த்தகப் பெயரின்றித் தயாரிப்பதற்கு, மாறத் தீர்மானித்தோம்.

அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் எந்த நோய்க்கும் ஒரே வெள்ளைக் குளிசையை வாங்கி வாழ்ந்தவருக்கு, இலவசமாகக் கிடைப்பது தரம் குறைந்ததாகத்தான் இருக்கும் என்று தோன்றுவதில் வியப்பில்லை. கிளினிக் வைத்தியர் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார். பொதுப்பெயர் மருந்து இரத்தத்தில் சேரும் அளவை மூல மருந்தோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தின் நம்பக எல்லை (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு) முழுவதும் 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். குளிசையில் மருந்து 20 சதவீதம் குறைவாக இருக்கலாம் என்று பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்; எல்லை முழுவதும் உள்ளே அடங்க வேண்டுமென்பதால் சராசரி வேறுபாடு பொதுவாகச் சிறியதாகவே இருக்கும்.

பிசோப்ரோலோல் மாற்றம் சிக்கலின்றி முடிந்தது. சில வாரங்கள் காலையில் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் எழுதிவந்தோம், எதுவும் மாறவில்லை.

வார்பரின் அப்படிப்பட்டதன்று. அளவு சற்றுக் கூடினால் இரத்தக் கசிவு, குறைந்தால் இரத்தக்கட்டி. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவீடு அம்மாவுக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். இத்தகைய மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒழுங்குமுறையில் ஒப்பீட்டு எல்லையையே 90 முதல் 111 சதவீதமாகச் சுருக்கியிருக்கிறார்கள். இங்கே கவலைப்பட வேண்டியது பிராண்டா பொதுப்பெயரா என்பதைவிட, தயாரிப்பாளர் மாறுவது யாருக்கும் தெரியாமல் போவதைப் பற்றித்தான் என்பது என் உறுதியான எண்ணம். கிளினிக்கில் குளிசைகள் கடதாசி உறையில் உதிரியாகக் கிடைக்கும்போது தயாரிப்பாளர் பெயர் நோயாளிக்குத் தெரிவதில்லை. நிறத்தை நம்பவும் முடியாது: பிரித்தானிய வழக்கில் இளஞ்சிவப்புக் குளிசை 5 மில்லிகிராம், அமெரிக்க வழக்கில் அதே நிறம் 1 மில்லிகிராம். எழுத்து வாசிக்கத் தெரியாமல் நிறத்தை வைத்தே மருந்தை அடையாளம் காணும் எங்கள் முதியவர்களுக்கு இது உயிராபத்து.

ஒருமுறை உறையில் இருந்த குளிசை வேறு வடிவில் இருந்ததைக் கண்டு, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் இரத்தப் பரிசோதனை செய்வித்தோம். முன்பு 2.4 ஆக இருந்த ஐஎன்ஆர் 3.4 ஆகியிருந்தது. வார்பரினின் வேலையை மாற்றக்கூடிய வலி மருந்து, அன்டிபயோட்டிக், கீரை, கோவா (முட்டைக்கோஸ்) சாப்பிட்ட அளவு எல்லாவற்றையும் வைத்தியர் விசாரித்தார். தயாரிப்பாளர் மாற்றம்தான் காரணம் என்று அவர் அறுதியிட்டுக் கூறவில்லை, நானும் கூறமாட்டேன். வாராந்த அளவைச் சற்றுக் குறைத்து, மீண்டும் சோதித்ததும் எண் சரியான எல்லைக்குள் வந்தது.

அதற்குப் பின் மருந்து தருபவரிடம் தயாரிப்பாளர் பெயரையும் மில்லிகிராமையும் உறையில் எழுதித் தரும்படி கேட்கிறேன், அநேகமாக மறுப்பதில்லை. அதைத் தமிழில் கிளினிக் கொப்பியிலும் எழுதிவைக்கிறேன். கிளினிக்கில் மருந்து இல்லாதபோது ஒசுசலவில் வாங்குகிறோம். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடை அது. பொதுப்பெயர் மருந்து ஏழைகளுக்கும் எட்டும் விலையில் கிடைப்பதற்கு அவரது கொள்கைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அங்கும் பழைய பெட்டியைக் காட்டி, அதே தயாரிப்பு இருக்கிறதா என்றே முதலில் கேட்கிறேன். இல்லையென்றால் இருப்பதை வாங்கி, ஒரு வேளை மருந்தைக்கூடத் தவறவிடாமல் கொடுத்து, ஓரிரு வாரங்களுக்குள் ஐஎன்ஆர் பார்த்துவிடுகிறோம்.