என் நம்பர் எப்போ வரும்?

கிளினிக்கில் டோக்கன் போடுபவரிடம் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள். டாக்டர் வந்துட்டாங்களா? என் நம்பர் எப்போ வரும்? முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவதற்கு உண்மையான பதில் சொல்லப் பழகுவதற்கு எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. என் வேலையில் பாதிக்கு மேல் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது வடசென்னையின் தண்டையார்பேட்டையில், டி.எச். ரோடு என்கிற திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் இருக்கும் பொது மருத்துவரின் கிளினிக்கில். ஒரு டாக்டரம்மா, ஊசி போடவும் கட்டு மாற்றவும் ஒரு சிஸ்டர், முன்னால் மேசையில் நான். காலை பத்து முதல் ஒன்று வரை, மாலை ஆறு முதல் பத்து வரை. காசிமேட்டில் மீன் விற்கும் அக்காமார்கள், துறைமுகத்தில் ஷிப்ட் பார்ப்பவர்கள், கண்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், அவர்களுடைய வயதான அம்மா அப்பா என்றுதான் வருகிறார்கள். மாதச் சம்பளக்காரர்கள் குறைவு. இங்கே ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அரை நாள் கூலி போய்விடும். டாக்டர் பீஸை விட அது பெரிய தொகை. இதை மனதில் வைக்காமல் டோக்கன் புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்பது என் கருத்து.

நான் சேர்ந்த புதிதில் கிளினிக்கில் வெறும் நம்பர் மட்டும்தான் கொடுப்பார்கள். 34 என்று ஒரு அட்டையைக் கையில் வாங்கியவர், அது எட்டு மணிக்கு வருமா பத்து மணிக்கு வருமா என்று தெரியாமல் ஆறு மணியிலிருந்தே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் காய்ச்சல்காரப் பிள்ளை இருமிக்கொண்டிருக்கும். கால் வலிக்குக் காட்ட வந்த பாட்டி சளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது, “சரி, நீயே கணக்குப் போடு, ஒருத்தரைப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகுது?” என்றார். ஒருவருக்குச் சராசரியாக ஆறு நிமிடம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்குப் பத்து பேர். அதிலிருந்து நம்பரோடு நேரத்தையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். “உங்க நம்பர் எட்டரைக்கு முன்னாடி வராதும்மா. வீட்டுக்குப் போய் உலை வெச்சுட்டு, எட்டேகாலுக்கு வாங்க.” இப்படிச் சொன்னால் முகத்தில் வரும் நிம்மதியை நீங்கள் பார்க்க வேண்டும்.

கடிகாரப்படி எட்டு பதினைந்துக்கு உங்கள் அப்பாயின்ட்மென்ட் என்று கறாராகக் கொடுப்பது இந்தப் பக்கத்தில் நடக்காது. கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிறவருக்கு ரயில்வே கேட் இருக்கிறது. சரக்கு ரயில் ஒன்று போய் இன்னொன்றுக்காகக் கேட்டைத் திறக்காமலே வைத்திருப்பார்கள். “அக்கா, கேட் போட்டுட்டாங்க, நம்பரைத் தள்ளிடாதீங்க” என்று போன் வந்தால் நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. போன் பண்ணாமல் தாமதமாக வந்தாலும் வரிசையின் கடைசிக்கு அனுப்ப மாட்டேன். உள்ளே இருப்பவருக்கு அடுத்து இரண்டு பேர், அதற்கு அடுத்தது அவர். இந்த விதியைச் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறேன், யாரும் என்னிடம் வந்து கெஞ்ச வேண்டியதில்லை.

இடையில் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தோம். போனிலேயே நம்பர் எடுத்துக்கொள்ளலாம், எத்தனையாவது ஆள் உள்ளே இருக்கிறார் என்று பார்க்கலாம். மெட்ரோவில் வேலைக்குப் போய் வரும் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே உதவியது. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ 2021 பிப்ரவரியில் நீண்ட பிறகு, தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் இறங்கும்போதே அவர்கள் நம்பரைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஆனால் காலையில் செயலி திறந்த சில நிமிடங்களில் எல்லா நம்பரும் முடிந்துவிட்டன. ஸ்மார்ட்போன் மகனிடம் இருக்கும், மகன் வேலையில் இருப்பான். அந்த அம்மா நேரில் வந்து நின்றால் நம்பர் இல்லை. நெடுநாளாக வருகிறவரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இப்போது ஒற்றைப்படை எண்கள் போன் பண்ணிக் கேட்பவர்களுக்கு, இரட்டைப்படை எண்கள் நேரில் வருபவர்களுக்கு. செயலியை நிறுத்திவிட்டோம்.

நேரில் வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான நிலைப்பாடு உண்டு, அதற்குக் காரணமும் இந்த ஊர்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் ‘அஞ்சு ரூபா டாக்டர்’ என்று ஊரே அழைத்த ஜெயச்சந்திரன் இருந்தார். வியாசர்பாடியில் 2 ரூபாய் பீஸில் ஆரம்பித்து, கடைசி வரை 5 ரூபாய் வாங்கிய திருவேங்கடம் இருந்தார். முதலாமவர் 2018 டிசம்பரிலும் இரண்டாமவர் 2020 ஆகஸ்டிலும் காலமானார்கள். இரண்டு சாவுக்கும் ஊர் அழுதது. பீஸ் குறைவு என்பது மட்டும் அந்த அழுகைக்குக் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். அங்கே போனால் பார்த்துவிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள் என்று இந்த மக்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட டாக்டர்களிடம் காட்டி வளர்ந்தவர்கள்தான் இன்று எங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பீஸ் அந்த அளவுக்குக் குறைவு இல்லை. ஆனால் வாசலையாவது அவர்களுக்குத் திறந்து வைக்கலாம்.

அடுத்தது அவசரம். வரிசை என்பது யார் முதலில் வந்தார் என்பதைத்தான் சொல்லும், யாருக்கு முதலில் தேவை என்பதைச் சொல்லாது. டாக்டரம்மா எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நெஞ்சு வலியோடு வியர்வை, மூச்சு வாங்குதல், வாய் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் கைக்குழந்தை. இவற்றில் எதைக் கேட்டாலும் நான் நம்பர் போடக் கூடாது, எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். வாய் கோணி வருபவரைக் கிளினிக்கில் உட்கார வைப்பதே தப்பு. அது பக்கவாதமாக இருக்கலாம்; ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், அதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் அவர்களுக்கு நான் செய்யும் முதல் காரியம் 108-க்கு போன் போடுவது.

ஆனால் யாரும் அந்தத் தாளில் இருக்கிற வார்த்தைகளோடு வருவதில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், லாரி ஷெட்டில் வேலை செய்பவர், ஒரு மாலை வந்து, “வாயு புடிச்சிக்கிச்சும்மா, ஒரு ஊசி போட்டா சரியாப் பூடும், எத்தினியாவது நம்பரு?” என்றார். இரவில் பரோட்டா சாப்பிட்டதைச் சொன்னார். நான் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணே, சட்டை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?” மழை இல்லை, பேன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கூட்டிப்போய் சிஸ்டர் ஈசிஜி எடுத்தார். அடுத்த கால் மணி நேரத்தில் அவர் ஸ்டான்லிக்குப் போய்க்கொண்டிருந்தார். பிழைத்து, பிறகு மனைவியோடு வந்து நன்றாக நடந்து காட்டினார். சர்க்கரை இருப்பவர்களுக்கு மாரடைப்பில் வலியே பெரிதாகத் தெரியாமல் போகலாம் என்று டாக்டரம்மா அன்று விளக்கினார். அதிலிருந்து வாயு என்று யார் சொன்னாலும் முகத்தையும் சட்டையையும் பார்க்காமல் பேனாவை எடுப்பதில்லை.

இப்படி ஒருவரை முன்னால் அனுப்பும்போது காத்திருப்பவர்கள் சண்டை போடுவார்களே என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். வடசென்னை என்றாலே சண்டை என்று நினைப்பவர்கள் அவர்கள். நான் எழுந்து நின்று, “இவருக்கு மூச்சு வாங்குது, முதல்ல அனுப்பறேன், எல்லாருக்கும் பத்து நிமிஷம் தள்ளும்” என்று சத்தமாகச் சொல்லிவிடுவேன். வழி விட்டு, ஆட்டோ பிடித்து, சில நேரம் கூடவே போயும் இருக்கிறார்கள். கோபம் வருவது காரணம் சொல்லாமல் யாரையாவது நுழைய விட்டால்தான். தெரிந்தவர், கட்சிக்காரர், கவுன்சிலர் வீட்டு ஆள் என்று கேட்டு வருவார்கள். அவர்களுக்கும் நம்பர்தான். மருந்து கம்பெனி ரெப்கள் கடைசி நோயாளி போன பிறகு. “ரிப்போர்ட் மட்டும் காட்டணும், ஒரே நிமிஷம்” என்பவர்களுக்கு ஐந்து பேருக்கு ஒருவர் என்று இடம் வைத்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடம் ஒரு நிமிடத்தில் முடிந்ததே கிடையாது, முடியவும் கூடாது. ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

மழைக்காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வேலை வேறு மாதிரி. காய்ச்சல் புத்தகம் என்று தனியாக ஒன்று போடுவேன். பெயர், தெரு, எத்தனையாவது நாள் காய்ச்சல், மறுபடி எப்போது வரச் சொன்னார்கள். டெங்கு சந்தேகம் உள்ள பிள்ளையை மறுநாள் கூட்டிவரச் சொன்னால், “காய்ச்சல் விட்டுடுச்சுக்கா, நம்பர் வேணாம்” என்று கேன்சல் செய்ய போன் வரும். சாதாரணக் காய்ச்சலில் அது நல்ல செய்தி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். அதனால் நான் கேன்சல் செய்வதில்லை. பிள்ளைக்கு வயிறு வலிக்குதா, வாந்தி நிக்காம வருதா, ஈறுல ரத்தம் வருதா, சோர்ந்து தூங்கிக்கிட்டே இருக்கா, ஒன்னுக்குப் போகாம இருக்கா என்று கேட்பேன். இவற்றில் ஏதாவது ஒரு கேள்விக்கு ஆமாம் என்றாலும் நம்பர் எதுவாக இருந்தாலும் உடனே கிளம்பி வரச் சொல்வேன். எதுவும் இல்லை என்றாலும் வந்து ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வேன். வராதவர்களுக்கு நானே போன் போடுவேன். டோக்கன் போடுபவரின் வேலை வருகிறவர்களோடு முடிந்துவிடாது, வராமல் போகிறவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஹால் சின்னது, ஒரு மேசையில் பேசுவது நான்கு நாற்காலிக்குக் கேட்கும். என்ன உடம்புக்கு என்று கேட்காமல் அவசரமா இல்லையா என்று தெரிந்துகொள்ள முடியாது, சத்தமாகக் கேட்டால் ஒரு பெண் பதில் சொல்ல மாட்டாள். அதனால் மேசையை மூலைக்குத் தள்ளிப் போட்டு, குனிந்து பேசுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் மாஸ்க் கொடுத்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைப்பேன். ஏன் என்று கேட்கிற பக்கத்து ஆளுக்கு, காற்றோட்டமா இருக்கட்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். டிபி என்ற வார்த்தை என் வாயிலிருந்து ஹாலில் வராது. தெருவுக்குத் தெரிந்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் வரைக்கும் பேச்சு போகும். அந்தப் பயத்திலேயே ஆறு மாத மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் உண்டு.

ஊரின் நாட்காட்டி தெரியாமல் இங்கே நம்பர் போட முடியாது. பௌர்ணமி மாலையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் நிறைய, அன்று எட்டு மணிக்கு மேல்தான் கூட்டம் வரும். ஞாயிறு காலையில் காசிமேட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள், அவர்களுக்கு வாரத்திலேயே பெரிய வியாபாரம் அன்றுதான்.

காசிமேட்டு அக்காக்களின் சர்க்கரைதான் எனக்குத் தீராத கவலை. வெறும் வயிற்றில் ரத்தம், பிறகு சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரத்தம், இதுதான் வழக்கம். லேப் திறப்பது ஏழு மணிக்கு. ஆனால் மீன் ஏலம் எடுக்க அவர்கள் எழுந்திருப்பது நடுராத்திரி தாண்டி. நான்கு மணிக்கு டீயும் பன்னும் உள்ளே போயிருக்கும். “வெறும் வயிறுதான் பாப்பா, சோறு துன்னல” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அந்த டீ அவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. ஆனால் அந்த ரிப்போர்ட்டை நம்பி மாத்திரையை ஏற்றினால் ஆபத்து. இதை டாக்டரம்மாவிடம் சொன்ன பிறகு, அவர்களுக்கு மட்டும் கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். விலைதான் கூடுதல்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது அந்த வீடுகளில் உடம்பைக் காட்ட நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. கடந்த தடைக்காலத்தில் டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை காலை முழுவதையும் அவர்களுக்கு ஒதுக்கினார், அன்று பாதி பீஸ். ஆண்களும் வந்தார்கள், கடலுக்குப் போகும் மாதங்களில் கண்ணிலேயே படாதவர்கள். பலருக்கு பிரஷர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. படகுகள் மறுபடி கடலுக்குப் போனதும் அவர்களில் பெரும்பாலோர் ரிவ்யூவுக்கு வரவில்லை. கரைக்கு எப்போது வருவார்கள் என்பது படகையும் மீனையும் பொறுத்தது, தேதி சொல்லி நம்பர் போட முடியாது. அதனால் இப்போதைக்கு அவர்கள் வீட்டுப் பெண்களின் போன் நம்பரைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். படகு வந்த அன்று ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அன்று மாலை கடைசி மூன்று நம்பர் அவர்களுக்கு. சிலர் கொடுக்கிறார்கள். கொடுக்காத வீடுகளுக்கு எப்படித் தகவல் சொல்வது என்று ஏலக்கூடத்துப் பக்கம் போய்வரும் அக்கா ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.